திறப்பதும் எடுப்பதும்

ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில், பகலெல்லாம் தத்தம் உத்தியோகங்களைப் பார்த்துவிட்டு மாலையில் ஓரிடத்தில் கூடி, மேஜையில் பொருத்திய வைஸில் ஒரு பூட்டை இறுக்கி, அதன் சாவியை அப்பால் ஒதுக்கிவைத்துவிட்டு, மெல்லிய எஃகுக் கம்பிகள் இரண்டினால் அதைத் திறக்க முயன்றுகொண்டிருக்கும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அந்தப் பூட்டுக்குப் பின்னால் கதவு இல்லை, பெட்டி இல்லை, எடுத்துக்கொள்ளத்தக்க வஸ்து எதுவும் இல்லை. திறந்தபின் அவர்கள் செய்வதெல்லாம் மறுபடியும் பூட்டுவதுதான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1997-ஆம் ஆண்டு இவர்கள் முறைப்படி ஒரு சங்கமே ஸ்தாபித்துக்கொண்டார்கள். நெதர்லாந்திலும் அத்தகைய சங்கம் உண்டு. பந்தயங்களும் பரிசுகளும் உண்டு. இந்த வழியில் புதிதாகப் புகுகிறவன் முதன்முதல் கேட்பது, எந்தக் கம்பியை வாங்குவது என்பதைத்தான். கடைத்தெருவில் கேட்கிற கேள்வியாக அது தோன்றினாலும், தர்ம விசாரணை செய்தவர்கள் நெடுங்காலம் வாதித்த வேறொரு கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. களவுக்கென்றே உண்டான ஒரு கருவியை, களவில் எள்ளளவும் நாட்டமில்லாத ஒருவன், இன்ன பூட்டுக்கு இன்னது பொருந்தும் என்று ஆராய்ந்து கைக்கொள்வானாயின், அவன் கையில் அது சுத்தமாகிவிடுகிறதா, அல்லது அதன் அழுக்கில் கொஞ்சம் அவன்மேலும் படிகிறதா?

விடை தேடுமுன் பூட்டைத் தெரிந்துகொள்வது நல்லது; ஒரு பொருளின் ஸ்வபாவத்தை அறியாமல் அதைப் பற்றிய தர்மத்தைப் பேசுவது வெறும் சொற்சிலம்பமாகிவிடும். ஐரோப்பாக் கண்டத்து வீட்டுக் கதவுகளில் இன்று பெரும்பாலும் காணப்படுவது, 1920-களில் ஜெர்மனியில் உருவாகி அங்கிருந்து நாடு நாடாகப் பரவிய சிலிண்டர் பூட்டு. 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமும், அதன் அடியில் 10 மில்லிமீட்டர் அகலத்தில் தொங்கும் ஒரு காலுமாக, மொத்தம் 33 மில்லிமீட்டர் உயரத்தில், எந்தக் கம்பெனியார் செய்தாலும் ஒரே வடிவில் அது அமைந்திருக்கும். கதவின் விளிம்பிலிருந்து செலுத்திய ஒரேயொரு திருகாணிதான் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே ஐந்து அல்லது ஆறு ஜோடிப் பின்கள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரு ஸ்பிரிங் உந்திக்கொண்டிருக்கிறது. உரிய சாவி நுழைந்தால், ஒவ்வொரு ஜோடியும் தன் இரு பின்களும் சந்திக்கும் இடம் சுழலும் உருளையின் விளிம்போடு சரியாக ஒன்றும்படி நின்றுவிட, உருளை தடையின்றித் திரும்பும். இந்த ஏற்பாட்டுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர். அவர் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றது 1860-களில். ஆனால், அமெரிக்கக் கதவில் பின்கள் மேலிருந்து கீழே தொங்குகின்றன. ஐரோப்பியக் கதவிலோ அவை கீழேயுள்ள காலுக்குள் குடியிருந்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன.

இதைவிடப் பெரிய பேதம் சாவித் துவாரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுப் பூட்டின் துவாரம் தாராளமானது. நல்ல ஐரோப்பியப் பூட்டிலோ, இரு பக்கத்துச் சுவர்களிலிருந்தும் உலோக வரப்புகள் நீண்டு, நடுக்கோட்டையும் தாண்டி எதிர்ப்பக்கத்து எல்லைக்குள் போய்விடுவதால், நேரான தகடு ஒன்று மேலும் கீழும் அசைவதற்கு அங்கே இடமே இராது. உள்ளதெல்லாம் நெளிந்து நெளிந்து போகும் ஓர் இடுக்குத்தான். அமெரிக்காவில் வழங்கும் கம்பிகள் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் கனமுள்ளவை. அவற்றை இந்த இடுக்கில் நுழைத்தால் வரப்புகளில் உராய்ந்து நின்றுவிடும். அல்லது, அதைவிடக் கெடுதலாக, வரப்பில் இடிபடுவதைப் பின்னில் இடிபடுவதாகக் கைக்குப் பொய் சொல்லும். ஆகையால் இங்கே வேண்டியது 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை கனமுள்ள கம்பி. அதன் தண்டு தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் இருக்க வேண்டும். கொக்கி மாத்திரம், நெட்டைப் பின்னுக்கு அப்பால் ஒளிந்திருக்கும் குட்டையான பின்னையும் எட்டித் தொடும் அளவுக்கு நீண்டிருக்க வேண்டும். மெலிந்த கம்பிக்கு ஒரு குறை உண்டு. சற்று அழுத்தினால் வளைந்துவிடும், இன்னும் சற்று அழுத்தினால் ஒடிந்து பூட்டுக்குள்ளேயே தங்கிவிடும். எனவே நல்ல ஸ்பிரிங் எஃகு வேண்டும். அதைவிட முக்கியமாக, அழுத்தாத கை வேண்டும். உருளையைத் திருப்புவதற்கென்று இன்னொரு கம்பி உண்டே, அதையும் துவாரத்தின் நடுவில் திணித்தால் உள்ள இடமும் அடைபட்டுவிடும். பல் வைத்த தட்டையான முறுக்குக்கம்பி ஒன்றைப் பின்கள் இருக்கும் பக்கத்தின் வாயோரத்தில், முதல் பின்னைத் தொடாமல் மாட்டிவிட்டால், எஞ்சிய துவாரம் முழுவதும் கொக்கிக்குக் கிடைக்கும்.

புதிதாக வருகிறவர்கள், தோலுறையில் அடுக்கிய இருபது முப்பது கம்பிகளைக் கண்டு மயங்கி மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். பழகியவர்களோ இரண்டு கொக்கிகளும் இரண்டு மூன்று முறுக்குக்கம்பிகளும் போதும் என்கிறார்கள். பதஞ்சலி யமங்களை எண்ணும்போது, திருடாமையை மூன்றாவதாகவும் வேண்டாதவற்றைச் சேர்க்காமையை ஐந்தாவதாகவும் வைத்தார். இந்த விளையாட்டுக்காரர்களில் பெரும்பாலோர் மூன்றாவதைக் காப்பாற்றிவிட்டு ஐந்தாவதில் தவறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சாவி இல்லாமல் ஒரு பூட்டு ஏன் திறக்கிறது? பூட்டில் குற்றம் இருப்பதனால் என்பதே சுருக்கமான விடை. உருளையில் துளைத்த ஐந்து துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். பின்கள் ஐந்தும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். ஆனால் எந்த யந்திரத்தாலும் இதை முற்றும் சரியாகச் செய்ய இயலாது. தலைமயிரின் கனத்தைவிடக் குறைவான ஒரு பிசகு எங்கேனும் இருந்தே தீரும். உருளையை இலேசாகத் திருப்பிப் பிடித்தால், அந்தப் பிசகினால், ஐந்தில் ஏதோ ஒரு பின் மற்றவற்றுக்கு முன்னால் இறுகும். கொக்கியால் ஒவ்வொன்றாகத் தடவிச் செல்லும் கை, ஸ்பிரிங்கின் துள்ளலோடு அசையும் நான்கையும், அசைய மறுக்கும் ஒன்றையும் பிரித்து உணர்கிறது. அந்த ஒன்றை மெல்ல அழுத்தினால், காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு சிறு சப்தம் கேட்கும். உருளை ஒரு நூலிழை நகர்ந்து நிற்கும். இப்போது வேறொரு பின் இறுகும். கண்ணுக்குப் புலப்படாத ஓரிடத்தில் நடப்பதை விரல் நுனியில் வந்து சேரும் அடையாளங்களைக் கொண்டு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஊகித்து அறியும் இந்த அனுபவத்தில், நியாய சாஸ்திரக்காரர்கள் பிரத்யக்ஷத்துக்கும் அனுமானத்துக்கும் நடுவில் போட்ட கோடு அழிந்துபோகிறது. தொடுவது கொக்கியின் காம்பை. அறிவது பின்னின் நிலையை. இவற்றுள் எது நேரான அறிவு, எது வழியாக வந்த அறிவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பூட்டுச் செய்கிறவர்களும் இதை அறிவார்கள். ஆகையால் அவர்கள் சில பின்களை இடையில் குறுக்கி, நூல் சுற்றும் கண்டுபோலக் கடைந்து வைக்கிறார்கள். அத்தகைய பின்னை அழுத்தினால் உருளை திடீரென்று நாலைந்து பாகை திரும்பிவிடும். திறந்தது என்று மனம் குதூகலிக்கும், ஆனால் திறக்கவில்லை. பின்னின் ஒடுங்கிய இடை, விளிம்பில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. இப்போது பலத்தைக் கூட்டினால் சிக்கல் இறுகுமே தவிர விலகாது. முறுக்கைத் தளர்த்தி, கிடைத்த நாலைந்து பாகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒப்பினால்தான் அந்தப் பின் தன் இடத்துக்கு வரும். அப்படித் தளர்த்தும்போது, முன்பு ஒழுங்காக நின்ற வேறொரு பின் நழுவிவிழுந்து உள்ளதும் போய்விடலாம். பயன் வந்துவிட்டது என்னும் பிரமையே பயனுக்குத் தடையாவதையும், கையில் இருப்பதை விடத் துணிகிறவனுக்கே மேலே வழி உண்டு என்பதையும் எத்தனையோ உபதேசங்களில் கேட்டிருக்கிறோம். ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் பூட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் அதைப் பித்தளையில் கடைந்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அவர்களே ஆச்சரியப்படுவார்கள். அவர்கள் நினைத்ததெல்லாம் திருடனைத் தாமதப்படுத்துவது ஒன்றைத்தான்.

இத்தகைய அப்பியாசம் மனத்தைப் பண்படுத்துகிறது என்று சொல்லி, அதனாலேயே இது நிரபராதமானது என்று முடித்துவிட முடியுமா? முடியாது. மனத்தை ஒருமுகப்படுத்தும் கலைகளில் சில கொலைக்கும் உதவுகின்றன. வில்வித்தையே அதற்குச் சாக்ஷி. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன், கோவலனைக் கள்வன் என்று நம்பத் தயங்கும் காவலர்களிடம், திருடர்களுக்குத் துணையாக இருப்பவை எட்டு என்று சாஸ்திரம் படித்தவன்போல வகைப்படுத்திக் காட்டுகிறான். தெய்வமும் மந்திரமும்கூட அந்த எட்டில் அடங்கும். கருவியும் அதில் ஒன்று. மிருச்சகடிகத்தில் சர்விலகன் என்னும் அந்தணன், சுவரில் கன்னம் வைக்குமுன் கார்த்திகேயனை வணங்கி, அளவு பார்க்கும் நூல் கைவசம் இல்லாமற் போகவே தன் பூணூலையே அளவுகோலாகக் கொள்கிறான். களவுக்கும் ஒரு நூல் உண்டு என்றும், அதைக் கற்றவர்கள் இருந்தார்கள் என்றும் நம் முன்னோர்கள் கூச்சமின்றி எழுதிவைத்தார்கள். ஆனால் பொற்கொல்லன் கதையில் நாம் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே களவு நூலை அறிந்தவனே சிலம்பைத் திருடியவன். அந்த அறிவை அவன் திருடுவதற்குப் பயன்படுத்தியதைவிட, நிரபராதியைத் திருடன் ஆக்குவதற்குப் பயன்படுத்தியதே பெரிய பாதகம். கருவியோ ஞானமோ யாருடைய உள்ளத்தில் என்ன நோக்கத்தோடு இருக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவர்கள் கண்டுகொள்ள வழியில்லை என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

எனவே, நோக்கம் தூயதாயின் எல்லாம் தூயது என்னும் விடை எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. வள்ளுவர் களவைப் பற்றிப் பேசும்போது, பிறன் பொருளை வஞ்சனையால் கவர்வோம் என்று மனத்தில் எண்ணுவதே குற்றமென்று விதித்தார், அது மெய். எண்ணம் கெட்டால் செயல் இல்லாமலே பாவம் உண்டு. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தால் எந்தச் செயலிலும் பாவமில்லை என்று அதைத் தலைகீழாக்கி அவர் சொல்லவில்லை. பௌத்த உரைகாரர்கள் களவை அலகு அலகாகப் பிரித்து ஐந்து அங்கங்கள் வைத்தார்கள்: பொருள் பிறருடையதாக இருத்தல், பிறருடையது என்று அறிந்திருத்தல், திருடும் சித்தம், முயற்சி, பொருள் பெயர்தல். இவ்வைந்தும் கூடினால்தான் களவு பூரணமாகும். ஹாம்பர்க் மேஜையில் பூட்டைத் திறந்துகொண்டிருப்பவனை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால், ஐந்தில் முயற்சி ஒன்றுதான் மிஞ்சுகிறது. அந்த முயற்சியோ ஏராளமாக இருக்கிறது. சமணர் இன்னும் சுருக்கமாக, கொடுக்கப்படாததை எடுத்தலே களவு என்று இலக்கணம் வகுத்தார்கள். அதில் மனத்தைவிடக் கொடுத்தல் என்னும் செயலே முன்னிற்கிறது. பொருளுக்கு உடையவன் கொடுத்தானா, இல்லையா? நோக்கம் ஒருவன் உள்ளத்துக்குள் ஒளிந்து கிடக்கும். கொடுத்தல் இருவருக்கு இடையில் வெளிப்படையாக நடக்கும். எனக்கு இந்த இலக்கணமே உறுதியானதாகத் தோன்றுகிறது.

ஆனால் அதே சமணர், திருடனைத் தூண்டுவதையும் அவன் கொண்டுவந்ததை ஏற்றுக்கொள்வதையும் அந்த விரதத்தின் மீறல்களாக எண்ணினார்கள். பூட்டின் பலவீனத்தைப் பலரறியச் சொல்லுகிறவனும் கம்பியின் கனத்தைக் கற்பிக்கிறவனும் இதில் சேருவார்களா என்பது கேள்வி. இதை இங்கிலாந்து 1851-ஆம் ஆண்டில் பகிரங்கமாக வாதித்தது. லண்டன் நகரில் பிக்கடில்லித் தெருவில் பிராமா கம்பெனியின் ஜன்னலில், இதைத் திறக்கும் கருவி செய்கிறவனுக்கு 200 கினி தருவோம் என்னும் அறிவிப்போடு ஒரு பூட்டு பல பத்தாண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஆக்கிய ஜோசஃப் பிராமா 1814-லேயே இறந்துவிட்டார். உலகப் பொருட்காட்சிக்காக அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்னும் பூட்டுத்தொழிலாளர், திருடனைக் காட்டிக்கொடுக்கும் என்று பெயர்பெற்ற சப் கம்பெனியின் பூட்டை முதலில் 25 நிமிஷத்தில் திறந்தார். பிறகு, நடுவர்கள் நியமிக்கப்பட்டு, பிராமா பூட்டும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது அவருக்குப் பதினாறு நாட்களில் பரந்த 51 மணி நேர உழைப்பை வாங்கியது, ஆயினும் திறந்தது. தேசம் முழுவதும் கலங்கிப்போயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, ஹாப்ஸின் குறிப்புகளைக் கொண்டு சார்ல்ஸ் டாம்லின்ஸன் பதிப்பித்த நூல், இவற்றை வெளியிடுவது திருடனுக்குக் கற்பிப்பதாகாதா என்னும் ஆக்ஷேபத்துக்கு நேராக விடை கூறியது: திருடர்கள் தம் தொழிலில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள், அறியாதவர்கள் நல்லவர்கள்தாம், ஆதலால் வெளியிடுவதில் இலாபம் நல்லவர்களுக்கே என்பது அதன் சாரம்.

இந்த விடை வெகுவாகப் புகழப்படுகிறது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். திருடன் முன்னமே அறிவான் என்பது எல்லாத் திருடர்களுக்கும் பொருந்தாது. தேர்ந்தவன் ஒருவன் இருந்தால் தேராதவர் பத்துப்பேர் இருப்பார்கள். ஹாப்ஸின் செயலுக்கு வேறொரு பலமான நியாயம் உண்டு. யமங்களின் வரிசையில் திருடாமைக்கு முன்னே சத்தியம் நிற்கிறது. திறக்கவே முடியாது என்று ஒரு பொய், தெருவைப் பார்த்த ஜன்னலில், தலைமுறைகள் மாறும்வரை தொங்கிக்கொண்டிருந்தது. அதை நம்பியே பூட்டுகள் விலையாயின. அந்தப் பொய்யை ஹாப்ஸ் பொய்யென்று காட்டினார். அதுவும், பூட்டுக்குடையவர்களே அழைப்பு விடுத்து, பூட்டைக் கையில் கொடுத்து, நடுவர்களையும் ஒப்புக்கொண்ட பிறகு. கொடுக்கப்படாத எதையும் அவர் எடுக்கவில்லை. 200 கினியும் முறுமுறுப்போடேனும் கொடுக்கப்பட்டதுதான். தூங்கிக்கொண்டிருந்தவர்களின் நிம்மதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். பொய்யான நிம்மதிக்கு உடைமை உரிமை கிடையாது என்பதே அதற்கு நான் சொல்லக்கூடிய பதில்.

இங்கிருந்து இன்னும் ஆழமான ஓரிடத்துக்குப் போக வேண்டும். இந்த விளையாட்டுக்காரர்கள் தமக்குள் இரண்டு விதிகள் வைத்திருக்கிறார்கள். உனக்குச் சொந்தமல்லாத பூட்டை, உடையவன் அனுமதியின்றித் திறக்காதே என்பது முதலாவது. உபயோகத்தில் இருக்கும் பூட்டை, அது உனக்கே சொந்தமானாலும், திறக்காதே என்பது இரண்டாவது. முதல் விதி எல்லோருக்கும் விளங்கும். இரண்டாவதற்கு அவர்கள் சொல்லும் காரணம் லௌகிகமானது: கொக்கி பட்டு ஸ்பிரிங் நசுங்கலாம், பின் தேயலாம், கம்பி ஒடிந்து தங்கலாம், பிறகு சாவி போட்டாலும் கதவு திறக்காமல் வீட்டார் வெளியில் நிற்க நேரும். காரணம் சரிதான். ஆயினும் தத்துவ நோக்கில் முதல் விதியைவிட இரண்டாவது விதியே பெரிது என்று நான் எண்ணுகிறேன்.

பூட்டு என்பது சுவரின் ஒரு பகுதி என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அப்படி இல்லை. ஐரோப்பியச் சிலிண்டரின் நடுவில், திருகாணி செல்லும் துளையருகே உலோகம் மிகவும் மெலிந்திருக்கிறது. திருடுகிறவன் அங்கே முறித்துவிடுகிறான், அல்லது கதவின் சட்டத்தையோ ஜன்னலையோ நெம்புகிறான். கொக்கியோடு குந்தியிருக்கப் பொறுமையுள்ள திருடன் அபூர்வம். ஆகவே பூட்டு தடுப்பது கொஞ்சம். அது சொல்லுவதே அதிகம். இந்த வாசலுக்கு உள்ளே இருப்பது உனக்குத் தரப்படவில்லை என்று தெருவில் போகிற ஒவ்வொருவனுக்கும் அது அறிவிக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் குழந்தைக்கும் கிழவிக்கும், நீங்கள் அஞ்ச வேண்டாம் என்று சொல்லுகிறது. கதவில் பொருத்தப்பட்ட கணத்தில் அது ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. அந்த வாக்கு பலருக்குக் கொடுக்கப்பட்டிருப்பதால், பூட்டை விலைகொடுத்து வாங்கியவன்கூட அதைத் தன் விளையாட்டுக்காகக் கலைக்க அதிகாரமற்றவன். வைஸில் இறுகியிருக்கும் பூட்டோ இன்னும் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அல்லது கொடுத்த வாக்கிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டது. அதைத் திறப்பது எதையும் மீறுவதாகாது.

பிரான்ஸ் தேசத்தின் கடைசி மன்னர்களில் ஒருவரான பதினாறாம் லூயி பூட்டுத் தொழிலில் மோகம் கொண்டவர். வெர்ஸேல்ஸ் அரண்மனையில் அதற்கென்று பட்டறை வைத்துக்கொண்டு, ஃபிரான்ஸ்வா காமேன் என்னும் கம்மியரிடம் அந்தத் தொழிலைப் பயின்றார். புரட்சி மூண்டு, பாரிஸில் டுயிலரி மாளிகையில் கைதியைப் போல வசிக்க நேர்ந்தபோது, ரகசியக் கடிதங்களை ஒளித்துவைக்கச் சுவருக்குள் ஓர் இரும்பு அலமாரி அமைத்தார். அதற்கு உதவியவரும் காமேனே. முடியாட்சி வீழ்ந்தபின், 1792 நவம்பரில், காமேன் நேராக உள்நாட்டு மந்திரி ரோலானிடம் சென்று அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தார். அகப்பட்ட காகிதங்கள் விசாரணையில் மன்னருக்கு விரோதமாக நின்றன. 1793 ஜனவரி 21-ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. மன்னர் தமக்கு விஷம் வைத்தார் என்று பின்னாளில் புகார் கூறிய காமேனுக்குப் புதிய அரசாங்கம் உபகாரச் சம்பளமும் வழங்கியது. அந்த அலமாரியின் பூட்டை யாரும் கொக்கி போட்டுத் திறக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆசிரியர் என்றும் தோழர் என்றும் நம்பிய ஒரு மனிதன் வாய் திறந்தான், அவ்வளவுதான். இரும்பின் பக்கத்தில் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கொடுத்த வாக்கை மீறுவதற்கு 0.4 மில்லிமீட்டர் கனமும் வேண்டியதில்லை என்றால், பாவத்தைக் கம்பியில் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை.

இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில் யோசித்திருப்பதைக் காண்கிறேன். களவுக்குப் பயன்படுத்தும் கருத்தோடு ஒரு கருவியைத் தன் வாசஸ்தலத்துக்கு வெளியே கொண்டுதிரிவதை அது குற்றமாக்குகிறது. வீட்டுக்குள் வைத்திருப்பதைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை. கருவி ஒன்றே, வாசற்படிக்கு உள்ளே அது ஒன்றாகவும் வெளியே இன்னொன்றாகவும் மதிக்கப்படுகிறது. வக்கீல்களுக்கு இது ஒரு சௌகரியமான எல்லைக்கோடு என்பதற்கு மேல் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வாசலுக்கு வெளியே இருப்பவை எல்லாம் பிறருக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் பூட்டுகள் என்பதை நினைத்தால் அந்தக் கோடு போடப்பட்ட இடம் சரியானதாகவே படுகிறது.

ஒரு சங்கடமான நிலையையும் சொல்லிவிட வேண்டும். விதியின் நேர்மை சங்கடத்தில்தான் தெரியும். பனிக்காலத்து இரவு, அடுத்த வீட்டில் தனியே வசிக்கும் மூதாட்டி சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் நிற்கிறாள், அடுப்பில் பால் இருக்கிறது, பூட்டுக்காரன் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்கிறான். இந்த விளையாட்டில் தேர்ந்த இளைஞன் ஒருவன் மாடியில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். வந்து திறந்து கொடு தம்பி என்று கேட்கிறாள். உடையவள் கேட்டுக்கொண்டதால் முதல் விதிக்குப் பங்கமில்லை. பூட்டு உபயோகத்தில் இருப்பதால் இரண்டாம் விதி குறுக்கே நிற்கிறது. சங்கத்தில் கண்டிப்பானவர்கள், பூட்டுக்காரனுக்குக் காத்திருக்கச் சொல் என்பார்கள். ஊரில் உள்ள எல்லாக் கதவுகளுக்கும் அவனே சாவி என்று பெயர் வந்துவிட்டால் விபரீதம் என்னும் அவர்கள் அச்சமும் பொருளற்றதன்று. ஆனால் வாக்குறுதி யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவளே வெளியில் குளிரில் நடுங்கும்போது, வாக்குறுதியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருப்பது விதியை வழிபடுவதாகுமே ஒழிய தர்மமாகாது. அவன் இறங்கி வரட்டும். மெல்லிய கொக்கியையே எடுக்கட்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறக்கட்டும். ஒன்று மட்டும் பாக்கி. கொக்கி பட்ட அந்தப் பூட்டை இனி முழுதும் நம்ப முடியாது. ஆகவே மறுநாள் காலை, தன் செலவில் அதே அளவுள்ள புதிய சிலிண்டர் ஒன்றை வாங்கிவந்து, கதவோரத்துத் திருகாணியைக் கழற்றி, சாவியைச் சிறிது திருப்பிப் பழையதை உருவிவிட்டுப் புதியதை மாட்டி, அதன் சாவிகள் அனைத்தையும் எண்ணி அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். பழைய பூட்டை வைத்துக்கொள் என்று அவளாகச் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம்.